வில்கோவின் 'பீயிங் தேர்': எப்படிக் கேட்கக்கூடாது

சிகாகோவைச் சேர்ந்த வில்கோ என்ற ராக் குழு 1996 அக்டோபரில் வெளியிட்ட 'பீயிங் தேர்' ஆல்பம் இரண்டு குறுந்தகடுகளில் வந்தது. மொத்தம் 19 பாட்டுகள். ஒன்றில் கிட்டார் இரைச்சல் காதைக் கிழிக்கும், அடுத்ததில் கன்ட்ரி இசையின் பெடல் ஸ்டீல் கிட்டார் இழைந்து வரும், அதற்கடுத்ததில் ட்ரம்பெட்டும் சாக்சஃபோனும் ஊதித் தள்ளும். புதிதாகக் கேட்பவர்களில் பலர் ஒரே தீர்ப்புக்குத்தான் வருகிறார்கள்: பாட்டுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒரு ஒழுங்கு இல்லை, பாதியை வெட்டி ஒரே தட்டில் போட்டிருக்கலாம்.

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் இந்தத் தீர்ப்புதான். இரட்டை ஆல்பம் எது வந்தாலும் "சுருக்கியிருக்கலாமே" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இங்கே அது பொருந்தாது. 19 பாட்டுகளும் சேர்ந்து சுமார் 77 நிமிடம். கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் ஒரே குறுந்தகட்டில் அடைத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் இரண்டாகப் பிரித்தார்கள். அதையும் ஒரு ஆல்பத்தின் விலைக்கே விற்க வேண்டும் என்று ரெப்ரீஸ் இசைத்தட்டு நிறுவனத்திடம் பேசி, அதற்காகத் தங்கள் உரிமத் தொகையில் (ராயல்டியில்) ஒரு பகுதியையே விட்டுக்கொடுத்தார்கள். கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டவர்கள் இப்படிச் சொந்தக் காசை இழக்க மாட்டார்கள்.

ஆகவே வரிசையைக் கலைக்கும் ஷஃபிளில் போடாதீர்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் 19 பாட்டுகளும் ஒரே நீளப் பட்டியலாகத் தெரிவதால் இந்தத் தவறு இப்போது சுலபமாக நடக்கிறது. முதல் தட்டில் 10 பாட்டுகள், இரண்டாவதில் 9. ஒவ்வொரு தட்டும் பழைய எல்பி ரெக்கார்டு அளவுக்கு, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டுமே ஒரே மாதிரி தொடங்குகின்றன: முதலாவதில் 'மிஸ்அண்டர்ஸ்டுட்', இரண்டாவதில் 'சங்கன் ட்ரெஷர்'. இரண்டும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற, மெதுவாக ஆரம்பித்து இரைச்சலுக்குள் போகிற பாட்டுகள். பத்தாவது பாட்டான 'சே யூ மிஸ் மீ' முடிந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள். மிச்சத்தை மறுநாள் கேட்டாலும் நஷ்டமில்லை. ஒரே மூச்சில் கேட்டால் 'சங்கன் ட்ரெஷர்' ஏதோ அலுப்பான பதினோராவது பாட்டு மாதிரித் தோன்றும். தொடக்கப் பாட்டாகக் கேட்டால்தான் அதன் கனம் தெரியும்.

இரண்டாவது தட்டின் மூன்றாவது பாட்டு வந்ததும் சிலர் போனை எடுத்துப் பார்ப்பார்கள், இது ஏற்கெனவே கேட்டதாயிற்றே என்று. ஆமாம், கேட்டதுதான். முதல் தட்டில் 'அவுட்டாசைட் (அவுட்டா மைண்ட்)' என்ற பெயரில் மின்கிட்டார்களோடு பாய்ந்து ஓடிய அதே பாட்டு, இங்கே பெயரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு 'அவுட்டா மைண்ட் (அவுட்டா சைட்)' என்று வருகிறது. இந்த முறை பீச் பாய்ஸ் பாணியில் கூட்டுக்குரல்களும் மணியோசையுமாகத் துள்ளுகிறது. இடத்தை நிரப்பப் போட்ட பாட்டு என்று தாண்டிவிடுவதுதான் இங்கே நடக்கிற தவறு. ஒரே சொற்கள்தான், ஒரே மெட்டுதான். முதல் வடிவத்தில் பேசுகிறவன் கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போகிறவன் போலிருக்கிறான். இரண்டாவதில் அதே ஆள் எனக்கொன்றும் கவலையில்லை என்று சிரித்து நடிக்கிறான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அதில் வலி கொஞ்சம் கூடுதல்.

அடுத்தது, விமர்சகர்களுக்கே மிகவும் பிடித்த தவறு. "இது ரோலிங் ஸ்டோன்ஸ் மாதிரி, இது பிக் ஸ்டார் மாதிரி, இது நீல் யங்" என்று சாயல்களை எண்ணிக்கொண்டே போவது. சாயல்கள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 'மன்டே'யில் கிட்டாரும் ஊதுகருவிகளும் சேரும் விதத்தைக் கேட்டால் எழுபதுகளின் ஸ்டோன்ஸ் நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு அங்கேயே நின்றுவிட்டால் ஆல்பம் எதைப் பற்றியது என்பதே பிடிபடாது. ஏனென்றால் இதன் பேசுபொருளே அதுதான். ராக் இசையைக் கேட்டே வளர்ந்த ஒரு ரசிகன், தானே மேடையேறிய பிறகு அந்த இசை தன்னைக் காப்பாற்றியதா, ஏமாற்றியதா என்று கேட்டுக்கொள்கிற ஆல்பம் இது. பாட்டுகள் பாட்டுகளைப் பற்றியே பேசுகின்றன. 'சம்ஒன் எல்ஸஸ் சாங்' என்று ஒன்றுக்குப் பெயரே இருக்கிறது. 'த லோன்லி 1' ஒரு ரசிகன் தன் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடுவது. 'மிஸ்அண்டர்ஸ்டுட்' பாட்டுக்குள் பீட்டர் லாஃப்னரின் வரிகள் சில அப்படியே வருகின்றன. கிளீவ்லாந்தில் ராக்கெட் ஃப்ரம் த டூம்ஸ், பேர் உபு ஆகிய குழுக்களில் வாசித்து, 1977இல் 24 வயதிலேயே இறந்துபோன கிட்டார் கலைஞர் அவர். யாருக்கும் புரியாமல் போன ஒருவனைப் பற்றிய பாட்டில் அவருடைய வரிகளை வில்கோவின் பாடகரும் பாடலாசிரியருமான ஜெஃப் ட்வீடி எடுத்து வைத்தது சும்மா இல்லை.

இப்படிப் பார்த்தால் இந்தக் கலவைக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. ஒரு ரசிகனின் தலைக்குள் பங்க்கும் கன்ட்ரியும் அறுபதுகளின் பாப்பும் தனித்தனி அலமாரிகளில் அடுக்கியா இருக்கும்?

வகைப் பெயரை வைத்து ஆல்பத்தை அளக்கிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆல்ட்-கன்ட்ரி, அதாவது கன்ட்ரியும் ராக்கும் கலந்த பாணி, என்று கேள்விப்பட்டு வந்தவர்களுக்கு 'ஃபார், ஃபார் அவே', 'ஃபர்கெட் த ஃப்ளவர்ஸ்' இரண்டும் உடனே பிடித்துவிடும், மிச்சமெல்லாம் வழி தவறியதாகப் படும். அந்தப் பாணி எப்படி வந்தது என்று தெரிந்தால் இந்த எதிர்பார்ப்பு தளரும். ட்வீடியும் ஜே ஃபாராரும் முன்பு நடத்திய அங்கிள் டுபெலோ குழு, இலினாயின் பெல்வில் என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. கார்ட்டர் குடும்பத்தார் என்ற பழைய கன்ட்ரி குழுவினர் 1936இல் பதிவு செய்த பழைய பாட்டு ஒன்றைப் பாடி, 'நோ டிப்ரஷன்' என்று 1990இல் வந்த தங்கள் முதல் ஆல்பத்துக்கும் அதன் பெயரையே வைத்தார்கள். 1995இல் தொடங்கிய பத்திரிகை ஒன்றும் அதே பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பாணிக்கே கொஞ்ச காலம் அதுதான் பெயராக இருந்தது. பங்க் வேகமும் கிராமத்துப் பாட்டும் கலந்தபோது பிறந்தது அது, ஆரம்பத்திலேயே கலப்படம். அதில் சுத்தம் தேடி என்ன பயன்?

அங்கிள் டுபெலோ 1994இல் உடைந்த கதையை வைத்து ஒவ்வொரு வரியிலும் ஃபாராரைத் தேடுவதும் வேண்டாம். அதேபோல 2002இல் வெளியான வில்கோவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' என்ற பெரிய ஆல்பத்துக்கு இது ஒத்திகை என்று பார்ப்பதும் வேண்டாம்.

இசைக்குழு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த ஆல்பத்தின் தளர்ச்சியை அப்படியே நகலெடுக்கப் பார்ப்பார்கள்: ஒத்திகை பார்க்காமல் ஸ்டுடியோவுக்குள் நுழைவது, எல்லோரும் கை போன போக்கில் வாசிப்பது, முதல் டேக்கையே வைத்துக்கொள்வது. கேட்டால் வில்கோவைச் சொல்வார்கள். ஜான் ஸ்டிராட்டின் பேஸையும் கென் கூமரின் டிரம்ஸையும் மட்டும் ஒரு தடவை பின்தொடர்ந்து பாருங்கள். மேலே ட்வீடியின் குரல் கரகரத்து உடையும், ஜே பென்னட்டின் கிட்டாரும் கீபோர்டும் வழுக்கும், மேக்ஸ் ஜான்ஸ்டனின் ஃபிடில் ஓரமாக நுழைந்து போகும். அடியில் தாளம் அசையாது. கடைசிப் பாட்டான 'ட்ரீமர் இன் மை ட்ரீம்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். நள்ளிரவு தாண்டிய கச்சேரி மாதிரி, இதோ சரிந்துவிடும் என்கிற நிலையிலேயே ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும், சரியாது. 'மிஸ்அண்டர்ஸ்டுட்' பதிவில் ஆளாளுக்கு வாத்தியத்தை மாற்றிக்கொண்டு பழக்கமில்லாததை வாசித்தார்கள். அந்தத் தடுமாற்றம் தானாக வந்ததில்லை, வரவழைத்தது. அதையும் எல்லாப் பாட்டிலும் செய்யவில்லை.

சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பது சின்னத் தவறுதான், ஆனால் நிறைய பேர் செய்வது. 'மிஸ்அண்டர்ஸ்டுட்' மெல்லிய கிட்டாரோடு இருக்கும்போது இசைவான அளவை வைத்துவிட்டு, பின்பாதியில் இரைச்சல் எழும்பியதும் பதறிக் குறைப்பார்கள். குறைக்காதீர்கள், அதற்காகத்தான் அது எழும்புகிறது. போன் ஸ்பீக்கரில் கேட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2017இல் வந்த விரிவாக்கப் பதிப்பு ஐந்து தட்டுகள் கொண்டது. சேர்க்கப்படாத பாட்டுகள், மாற்று வடிவங்கள், 1996 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்த கச்சேரி என்று நிறைய இருக்கிறது. புதியவர்கள் அதிலிருந்து தொடங்கினால் திணறிப்போவார்கள். மூல ஆல்பம் கொஞ்சம் மனதில் தங்கிய பிறகு போங்கள். அப்போது 'மன்டே'யின் வேறொரு ஊதுகருவி வடிவத்தைக் கேட்கலாம், இவர்கள் எதை முயன்று பார்த்து ஒதுக்கினார்கள் என்பதும் தெரியும்.