பாதரசம் 0.00: பைத்தானில் முக்கிய எண்ணுருக்களோடு அச்சிடுவது

தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அறிக்கை அச்சிடும் பைத்தான் நிரலை நான்தான் எழுதினேன். எல்லா எண்ணையும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்துக்கு ரவுண்டு செய்து வைத்திருந்தேன். ஒருநாள் லிட்டருக்கு 0.00046283 மில்லிகிராம் பாதரசம் இருந்த மாதிரிக்கு 0.00 என்று அச்சானது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் பாதரசத்தின் வரம்பே 0.001 தான். அதைப்போல நான்கு மடங்கு இருந்திருந்தாலும் என் நிரல் 0.00 என்றுதான் சொல்லியிருக்கும்! அதே தாளில் கரைந்த திடப்பொருள் 1284.37. அந்தக் கடைசி 37-ஐ எங்கள் கருவி சத்தியமாக அளக்கவில்லை.

எண்ண வேண்டியது புள்ளிக்குப் பின்னால் உள்ள இடங்களை அல்ல, பள்ளியில் படித்த முக்கிய எண்ணுருக்களை, அதாவது பூஜ்ஜியம் அல்லாத முதல் இலக்கத்திலிருந்து எண்ணும் இலக்கங்களை. மூன்று போதும் என்று வைத்துக்கொண்டேன்.

பைத்தானின் ஃபார்மட் ஃபங்ஷனுக்கு எண்ணையும் '.3ஜி' என்ற குறியையும் கொடுத்தால் வேலை பாதி முடியும். (ஜி, இ, எஃப் மூன்றையும் நிரலில் சிறிய ஆங்கில எழுத்தாக அடியுங்கள்.) பாதரசம் 0.000463 என்று அழகாக வந்தது. ஆனால் 1284.37 என்பது '1.28இ+03' (1.28 பெருக்கல் பத்தின் 3-ஆம் அடுக்கு) ஆகிவிட்டது, அதை எந்த வாடிக்கையாளரிடம் நீட்டுவது? ஃப்ளோரைடு 1.1982, 1.20 என்று வர வேண்டியது, வெறும் 1.2 என்று வந்தது. ஜி கடைசிப் பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும். புள்ளிக்கு முன் ஹேஷ் குறி போட்டு '#.3ஜி' என்றால் பூஜ்ஜியம் நிற்கும், ஆனால் 250 என்பது '250.' என்று வாலோடு வரும்.

கடைசியில் நான் வைத்துக்கொண்ட வழி இது. முதலில் எண்ணை '.2இ' குறியில் ஃபார்மட் செய்யுங்கள் (புள்ளிக்கு முன் ஒன்று, பின் இரண்டு, ஆக மூன்று எண்ணுரு). 1284.37 அப்போது '1.28இ+03'. அந்த இ-க்குப் பின்னால் இருக்கும் அடுக்கை மட்டும் பிரித்து முழு எண்ணாக்கி, 2-லிருந்து கழியுங்கள்: 2 − 3 = −1. மூல எண்ணை அத்தனை இடத்துக்கு ரவுண்டு செய்தால் 1280. பிறகு புள்ளிக்குப் பின் அதே அளவு இடம் கொடுத்து எஃப் குறியில் அச்சிடுங்கள். இடங்கள் மைனஸில் வந்தால் அச்சிடும்போது மட்டும் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதரசத்துக்கு அடுக்கு −4, ஆகவே ஆறு இடம்: 0.000463. ஃப்ளோரைடு 1.20.

அடுக்கை லாக்10 (பத்தடிமான மடக்கை) போட்டு, கீழ் முழு எண்ணுக்கு இறக்கிக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 9.996 வந்தபோது லாக் வழி 10.00 என்று நான்கு எண்ணுருக்களைக் கொடுத்தது. இ வழி ரவுண்டு செய்த பிறகு அடுக்கைச் சொல்வதால் 10.0 என்று சரியாக வருகிறது. பூஜ்ஜியத்துக்கு லாக் பிழை காட்டி நின்றுவிடும், இ வழி 0.00 என்று போட்டுவிட்டுப் போகும். அப்புறம், அந்த 0.00-ஐயும் நான் அச்சிட விடுவதில்லை; கருவி காணும் அளவுக்குக் கீழே என்றால் 'கண்டறியப்படவில்லை' என்று எழுத்திலேயே போடுகிறேன்.