நைட்ரோ லாரி இரண்டாம் கியருக்கு மாறாவிட்டால்
மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத் திடலில் ஓடும் நைட்ரோ லாரி, அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடும் தொலைக்கட்டுப்பாட்டு மாதிரி லாரி, இரண்டாம் கியருக்குத் தானாக மாறவில்லை என்றால், முதலில் இஞ்சினின் சத்தத்தைக் கவனியுங்கள். புகை மிகுந்து மந்தமாக ஓடினால், எரிபொருள் அளவுக்கு மேல் செல்வதால் போதிய சுழற்சி வேகம் எழவில்லை. கியரைக் குறை கூறிப் பயனில்லை. மாறாக, இஞ்சின் அலறியும் கியர் மாறாவிட்டால், இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாம் கியர் கிளட்சின் ஸ்பிரிங்கை இறுக்கும் சிறு திருகாணியை எட்டில் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். மையவிலக்கு விசை அந்த ஸ்பிரிங்கை வெல்லும்போதுதான் கியர் மாறுகிறது. பொறுமையிழந்து முழுச் சுற்றாகத் திருகுவதே பலர் செய்யும் பிழை. முன்கூட்டியே மாறித் திணறினால், அதே அளவில் இறுக்குங்கள். இதற்கும் மசியாவிட்டால், செம்பனைப் பாதையின் செம்மண் தூசு உள்ளே புகுந்திருக்கலாம். கிளட்சைக் கழற்றித் துடைத்து, தேய்ந்த பாகங்களை மாற்றுங்கள்.