மொழியியல் ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதுவது எப்படி?

மொழியியலில் அடிப்படை ஆய்வு செய்கிறேன் என்றால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" அதற்குப் பதில் சொல்லியே பழகிவிட்டதால் நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) விண்ணப்பத்திலும் அதே பதிலைப் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறோம். என்னுடைய முதல் விண்ணப்பம் அப்படித்தான் இருந்தது. மொழி அழிகிறது, பண்பாடு அழிகிறது என்று நாலு பக்கம், நான் என்ன செய்யப் போகிறேன் என்பதற்கு அரைப் பக்கம். திரும்பி வந்துவிட்டது, வந்தது நியாயம்தான்.

நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அது போதும். ஆனால் களப்பணிக்கு மலையேறி மாதக்கணக்கில் தங்க, ஒலிப்பதிவுக் கருவி வாங்க, பேசுபவர்களுக்குக் கூலி கொடுக்கத் தனியாகப் பணம் வேண்டும். அழியும் நிலையிலுள்ள மொழி என்றால் ஈஎல்டிபி என்ற, அழியும் மொழிகளை ஆவணப்படுத்த நல்கை தரும் திட்டத்துக்கு எழுதலாம். 2002இல் லண்டனில் தொடங்கிய திட்டம், 2021இலிருந்து பெர்லினில் இயங்குகிறது. ஒன்றைக் கவனியுங்கள், அவர்கள் காசு தருவது ஆவணப்படுத்தத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பாடப்புத்தகம் போடுகிறேன், மொழியை மீட்கிறேன் என்று எழுதினால் நல்ல காரியம்தான், இடம்தான் தப்பு.

இனி எழுதுவதற்கு வருவோம். நீலகிரியில் தோடா மொழியை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். "இதுவரை யாரும் ஆராயாத மொழி" என்று ஆரம்பித்தால் படிப்பவர் அங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடுவார், ஏனென்றால் எமனோ என்ற மொழியியலாளர் 1930களிலேயே நீலகிரிக்கு வந்து வேலை செய்திருக்கிறார், அவருடைய தோடா இலக்கணம் 1984இல் புத்தகமாகவே வந்திருக்கிறது, அந்த மொழியின் ஆடொலி ரகரங்களை (நாக்கு அதிர்ந்து வரும் ர ஒலிகளை)ப் பற்றி 1990களில் கருவி வைத்து அளந்த ஒலியியல் ஆய்வும் இருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவரும் மொழியியல்காரர்தான், இதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் முன்னால் செய்தவற்றைச் சொல்லிவிட்டு, எது மிச்சம் என்று கேளுங்கள். கதையும் பாட்டும் எழுத்தில் இருக்கின்றன, சரி, இரண்டு பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்து இயல்பாகப் பேசிக்கொள்வது காணொளியாக எவ்வளவு இருக்கிறது? பேச்சில் ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் எப்படி நுழைகிறார்? கேள்வி இப்படிச் சின்னதாக இருக்கட்டும்.

அப்புறம் கணக்கு. பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். நூறு மணி நேரம் பதிவு செய்வேன் என்று கையை வீசி எழுதுவார்கள். ஒரு நிமிடப் பதிவைக் கேட்டு எழுதி, மொழிபெயர்த்து, சொல்லுக்குச் சொல் பிரித்து ஈலான் என்ற மென்பொருளில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்று குறைவாகவே வையுங்கள். 20 மணி நேரப் பதிவுக்கு 1,200 மணி நேரம், அதாவது நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 150 நாள். இதை யார் செய்வார்? ஆகவே இவ்வளவு பதிவு செய்வேன், அதில் இவ்வளவை முழுதாகப் பிரித்து எழுதுவேன், மீதிக்கு மொழிபெயர்ப்பு மட்டும் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். குறைவாகச் சொன்னால் மதிப்பு குறையாது, நம்புவார்கள்.

பட்ஜெட்டில் மைக்குக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் தாராளமாகப் போட்டுவிட்டு, மொழி பேசுபவர்களுக்கு "அன்பளிப்பு" என்று ஒரு வரி போடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அவர்கள் ஒரு நாள் தோட்ட வேலையை விட்டுவிட்டு உங்களோடு உட்காருகிறார்கள், நாள் கூலிக்குக் குறையாமல் எழுதுங்கள். ஊரிலேயே படித்த பிள்ளை ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, எழுத்தாக்கும் வேலையைச் சம்பளத்தோடு கொடுங்கள், மேலே சொன்ன 150 நாளும் அப்போதுதான் நடக்கும்.

எழுத உட்காருவதற்கு முன்பே உங்கள் பல்கலைக்கழக ஃபைனான்ஸ் ஆபீசரைப் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், வந்து நிற்கும். அந்தச் சட்டப்படி பதிவு தேவைப்படும் நிறுவனம் என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வரவேண்டும், வந்ததை வேறு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. இரண்டு கல்லூரி சேர்ந்து செய்கிறோம் என்ற திட்டமெல்லாம் இங்கே உடைந்துபோகும். நல்கை கிடைத்தபிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும், பாவம்.

ஊர்க்காரர்களின் சம்மதத்தை வெறும் கையெழுத்துத் தாளாக நினைக்காதீர்கள். பதிவு ஆவணக் காப்பகத்துக்குப் போகும், உலகத்தில் யாரும் கேட்கலாம் என்று அவர்கள் மொழியிலேயே சொல்லி, அவர்கள் வேண்டாம் என்று சொன்னதைக் காப்பகத்தில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். சடங்குப் பாட்டுகளில் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும், எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதற்கு விண்ணப்பத்தில் ஒரு பத்தி வேண்டும்.

கைடிடம் பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள், ஒரு மாதம் முன்னாலேயே வரைவையும் கையில் கொடுத்துக் கேளுங்கள்.