பருவம் கடந்து கறவை ஆடுகளைச் சினையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் மேற்கே, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் பேர்பெற்ற புவாத்து வட்டாரத்தில், சானன், ஆல்பைன் இன வெள்ளாடுகள் பகல் குறுகும் இலையுதிர்காலத்தில் பருவத்துக்கு வந்து, சுமார் 150 நாள் சினைக்குப் பின் குளிர்காலம் முடியும் வேளையில் குட்டி ஈனுகின்றன. இதனால் குளிர்காலத்தில் பால் வரத்து குறைந்து, விலை ஏறுகிறது. அந்த இடைவெளியை நிரப்பவே பல பண்ணைகள் வசந்த காலத்தில் ஆடுகளைச் சினையாக்க முயல்கின்றன. ஆண்டு முழுவதும் சினைபிடிக்கும் நம் நாட்டு ஆடுகளோடு பழகியவர்களுக்கு இது இத்தனை கடினமா என்று தோன்றலாம். ஆனால் சானன், ஆல்பைன் ஆடுகளின் கருவகம் வசந்தத்தில் உண்மையாகவே உறங்கிக் கிடக்கிறது.

விளக்கைப் பற்றிய தவறே எல்லாவற்றிலும் பெரியது. வெளிச்சம்தான் ஆட்டைத் தூண்டுகிறது என்று எண்ணிப் பலர் அதைத் தொடர்ந்து எரிய விடுகிறார்கள். உண்மையில் இருளில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனைக் கொண்டே ஆடு இரவின் நீளத்தை அறிகிறது. நீண்ட பகலை முதலில் உணர்ந்து, அதன்பின் பகல் குறைவதாக உணர்ந்தால்தான் அது பருவத்துக்கு வரும். எனவே குளிர்காலத்தில் குறைந்தது 60 நாள்களுக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சமும் 8 மணி நேர இருளும் கொடுத்து, பின்னர் விளக்கை முற்றிலும் நிறுத்த வேண்டும். வசந்தம் முன்னேறி இயற்கைப் பகலே நீண்டுவிட்ட பிறகு நிறுத்தினால், மெலடோனின் வில்லையைத் தோலடியில் வைக்காமல் குறும்பகல் உணர்வு கிட்டாது. வெளிச்சத்தின் அளவையும் கண்மதிப்பில் விடக் கூடாது. கொட்டகையின் மிக இருண்ட மூலையிலும் ஆட்டின் கண் மட்டத்தில் 200 லக்ஸ் இருக்கிறதா என்று கருவியால் அளந்து பார்க்க வேண்டும்.

கிடாவை மறப்பது அடுத்த தவறு. என் பார்வையில் இதற்கு மன்னிப்பே இல்லை. வசந்தத்தில் கிடாவின் வேட்கையும் வாடையும் விந்தின் தரமும் தாழ்ந்துவிடுகின்றன. விந்தணு உருவாக ஏறத்தாழ ஏழு வாரம் ஆவதால், கடைசி நேரத் தீவனம் எதையும் மாற்றிவிடாது. கிடாக்களுக்கும் அதே வெளிச்சம் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். பத்து ஆடுகளுக்கு ஒரு கிடாவாவது இருக்க வேண்டும்.

வேட்கை மிக்க கிடா திடீரென மந்தைக்குள் வந்தால், இரண்டு மூன்று நாளில் பல ஆடுகளில் கருமுட்டை வெளியேறும். ஆனால் அந்த முதல் சுழற்சி பெரும்பாலும் ஐந்தாறு நாளிலேயே முடிந்து, அடுத்த முட்டைதான் சினையைத் தாங்கும். அதை அறியாமல் ஒரு வாரத்தில் கிடாவைப் பிரித்துவிடுகிறவர்கள், பலன் தொடங்கும் நேரத்தில் முயற்சியைக் கைவிடுகிறார்கள்.

ஆட்டின் பிறப்புறுப்பினுள் வைக்கும் ஹார்மோன் பஞ்சும், சினைக்குதிரையிலிருந்து எடுத்த ஹார்மோன் ஊசியும் விரைவான வழிதான். எனினும் அதே ஆட்டுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் அதன் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, கருமுட்டை தாமதமாக வெளியேற, குறித்த மணியில் செய்யும் செயற்கைக் கருவூட்டல் வீணாகிறது.

இத்தனைக்கும் முன் ஸ்கேன் பார்க்காமல் தொடங்குவதும் பிழையே. பொய்ச்சினையுற்ற ஆட்டின் கருப்பையில் நீர் மட்டுமே தேங்கியிருக்கும்; கால்நடை மருத்துவர் அதற்கு மருத்துவம் செய்யாதவரை வெளிச்சமோ கிடாவோ பயன் தராது. இணைசேர்ந்து 40 நாளுக்குப் பின் மீண்டும் ஸ்கேன் செய்து, சினைபிடிக்காத நல்ல கறவை ஆடுகளை உடனே கழிக்காமல், மறு பருவம் வரை தொடர்ந்து கறக்கலாம்.