பூசணிக்காய்ல பேய், கொட்டான்ல மிட்டாய்: நம்ம கடக்கரையில புள்ளைகளோட ஒரு ஹாலோவீன்

ஹாலோவீனுக்கு மொத வேலை பூசணிக்காய் வாங்குறது இல்லங்க, தெருவுல நாலு வீட்டுல முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. ஏன் சொல்றேன்னா மூணு வருசத்துக்கு முன்னாடி என் பெரியவன் யூடியூப்ல எதையோ பாத்துட்டு ஹாலோவீன் ஹாலோவீன்னு உசுர வாங்குனதால ஒரு மஞ்சப் பூசணியக் கொடஞ்சி மூஞ்சி வெட்டி உள்ள விளக்க வச்சி வாசப்படியில வச்சிட்டுப் படுத்துட்டோம், எடுப்பா இருக்கட்டும்னு நெத்தியில குங்குமம் வேற வச்சேன் நானு. விடியக்காலம் வாசத் தெளிக்க வந்த எதுத்த வீட்டு அக்கா போட்ட சத்தத்துல தெருவே எந்திரிச்சிருச்சு. யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டாங்க. புள்ளைகளோட அப்பத்தா உப்பும் மொளகாயும் எடுத்து எல்லாரையும் வரிசையா நிக்க வச்சி சுத்திப் போட்டுட்டு, அந்தக் காய யாரும் தொடக்கூடாதுன்னு சாக்கப் போட்டு மூடிட்டாங்க. உண்மையச் சொன்னதுக்கப்புறம் விழுந்த திட்டு தனி. அதனால குங்குமம் வேணாம், எலுமிச்சம்பழம் பக்கத்துல வேணாம், ராத்திரி படுக்கப் போறப்ப காய உள்ள எடுத்து வச்சிருங்க.

ஆனா யோசிச்சிப் பாத்தா அந்த அக்கா பயந்ததுல தப்பே இல்ல. புது வீடு கட்டுனா பூசணிக்காய்ல கோரப்பல்லும் மீசையும் வரஞ்சி தொங்க விடுறது யாரு, நம்மதானே. கெட்டது கிட்ட வராம இருக்க பயமுறுத்துற மூஞ்சி, அதே கணக்குதான் ஹாலோவீன்லயும். அயர்லாந்து பக்கம் அறுவடை முடிஞ்சி குளிர்காலம் தொடங்குற ராத்திரி செத்தவங்க ஆவி நடமாடும்னு ஒரு நம்பிக்கை, அதுக்கு மொதல்ல அவங்க கொடஞ்சது பூசணி இல்ல, டர்னிப்னு ஒரு கிழங்கு, அமெரிக்காவுக்குக் குடி போனப்பதான் அங்க பெருசு பெருசா பூசணி கெடச்சதுன்னு அதுக்கு மாறிட்டாங்க. நவம்பர் 1 கிறிஸ்தவங்களுக்கு எல்லாப் புனிதர்கள் திருநாள், அதுக்கு முந்துன ராத்திரிதான் இந்த அக்டோபர் 31. நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அது நம்ம கரைக்குப் புதுசா என்ன, நம்ம ராமேஸ்வரம் தீவுல பாம்பன் தங்கச்சிமடம் பக்கமெல்லாம் கல்லறையச் சுத்தம் பண்ணி பூ வச்சி மெழுகுவத்தி ஏத்துறத சின்னப் புள்ளையிலருந்து பாக்குறோம். வெளிநாட்டுக் கூத்து நமக்கெதுக்குன்னு யாராச்சும் கேட்டா பரங்கிக்காய்னா என்ன அர்த்தம்னு திருப்பிக் கேளுங்க. பரங்கின்னா வெள்ளக்காரன், அந்தக் காயே அமெரிக்காவுலருந்து வந்ததுதான், இன்னிக்கி அது இல்லாம பொங்கலுக்குக் கூட்டு இருக்கா?

சரி வேலைக்கு வருவோம்.

நம்ம ஊரு காய்கறிக் கடையில மஞ்சப் பூசணியக் கீத்துப் போட்டுதான் விப்பாங்க, அதனால ரெண்டு நாளைக்கு முன்னாடியே முழுக் காய் வேணும்னு சொல்லி வைங்க. மூணு கிலோவுக்குள்ள போதும். காம்பு காஞ்சிருக்கணும், அடி தட்டையா இருக்கணும், தட்டுனா கிண்ணுன்னு கேக்கணும். எல்லா வீடியோவுலயும் மேல மூடி மாதிரி வெட்டுவாங்க, நான் சொல்றேன் அடியில வெட்டுங்க. காயத் தலைகீழாக் கவுத்தி அடியில ஒரு டீ சாஸர் அளவுக்கு வட்டமா வெட்டி எடுத்துட்டா, அப்புறம் விளக்க ஒரு தட்டுல வச்சி மேல காயக் கவுத்தா முடிஞ்சது, காம்பு குடுமி மாதிரி அழகா நிக்கும், கையச் சுட்டுக்க வேண்டியதும் இல்ல. எண்ண விளக்கு வைக்கிறதா இருந்தா உச்சியில ஒரு சின்ன ஓட்டை போட்டு விடுங்க, இல்லன்னா காத்து கெடைக்காம அணஞ்சிரும். பேட்டரில எரியிற குட்டி லைட்டுன்னா இந்தத் தொல்லையே இல்ல, காத்தடிக்கிற ஊருல அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

உள்ள இருக்குற நாரையும் வெதையையும் புள்ளைங்க கையாலயே வழிச்சி எடுக்கட்டும், அந்த வழுவழுப்புலதான் அவங்களுக்குப் பாதி சந்தோசம். நம்ம காய்க்குச் சதை ரொம்பத் தடிப்பு, ரெண்டு இஞ்சு கூட இருக்கும், அப்படியே மூஞ்சி வெட்டுனா கத்தி வளையாது, வெளிச்சமும் வெளிய வராது. அதனால மூஞ்சி வரப்போற பக்கம் மட்டும் உள்ளருந்து ஸ்பூனாலயோ ஒடச்ச செரட்டை ஓட்டாலயோ சுரண்டிச் சுரண்டி ஒரு வெரல் தடிமனுக்குக் கொண்டாங்க. சுரண்டுனதக் கீழ போட்றாதீங்க, கொஞ்சம் கருப்பட்டியும் தேங்காயும் போட்டா அன்னிக்கி ராத்திரி கூட்டு ரெடி. வெதையக் கழுவி ரெண்டு நாள் வெயில்ல காய வச்சி உப்பு மொளகாப்பொடி போட்டு வறுத்தா டீக்குத் தொட்டுக்க ஆச்சு.

மூஞ்சி வரையிறது புள்ளைங்க, வெட்டுறது பெரியவங்க, இதுல மட்டும் இரக்கமே காட்டாதீங்க. முக்கோணக் கண்ணு சுலபம், வட்டம் கஷ்டம். பல்லு வேணும்னு அடம் பிடிச்சா மேல ஒண்ணு கீழ ஒண்ணு போதும், நெறையா வெட்டுனா ஒடஞ்சிரும். 30ந் தேதி சாயங்காலத்துக்கு முன்னாடி வெட்டவே வெட்டாதீங்க, ஐப்பசி ஈரத்துல மூணாம் நாள் எறும்பும் நாத்தமும்தான் மிஞ்சும். 1ந் தேதி காலையில ஆட்டுக்குப் போட்ருங்க, எங்க தெரு ஆடு இப்பல்லாம் முன்னாடி நாளே வந்து நிக்கிது.

பூசணி கெடைக்கலன்னா ஒண்ணும் குடி முழுகிப் போகல. செரட்டையில கண்ணு மூணு ஏற்கனவே இருக்கு, தேங்காயத் துருவி எடுத்துட்டு அதுல ரெண்டக் கம்பியால குத்தி வாய மட்டும் அறுத்தாப் போதும். ஆனா என்னையக் கேட்டா எல்லாத்தையும் விட நல்ல பேய் பனங்கொட்டைதான். ஆவணி புரட்டாசியில பழம் சூப்பிப் போட்ட கொட்டை எங்கயாச்சும் குமிஞ்சி கெடக்கும், நார் அப்படியே பரட்டத் தலை மாதிரி தொங்கும், சுண்ணாம்பக் கொழச்சி ரெண்டு கண்ணு வச்சா கெழவி பேய், கரியால மீசை போட்டா தாத்தா பேய். எங்க வீட்டுல ஒருக்கா இருவத்தஞ்சி தலை ஜன்னல் ஓரமா வரிசையா ஒக்காந்திருந்துச்சு. ஒரே ஒரு கண்டிசன், பெயிண்ட் அடிக்காதீங்க, சுண்ணாம்பும் கரியும் மட்டும்தான். ஏன்னு கடைசியில சொல்றேன்.

வேசம் போடுறதுக்கு ஆன்லைன்ல டிரெஸ் பாத்தீங்கன்னா வெல தலை சுத்தும், துணி நம்ம புழுக்கத்துக்கு ஒரு மணி நேரம் தாங்காது, சொரிஞ்சிக்கிட்டே நிக்கும் புள்ள. பழைய வெள்ள வேட்டியில கண்ணுக்கு மட்டும் இல்லாம மூக்கு வாய்க்கும் சேத்துப் பெருசா வெட்டி விடுங்க, நீளம் கணுக்காலுக்கு மேலயே நிக்கட்டும், தடுக்கி விழுந்தா பல்லு போயிரும். பனை ஓலை விசிறி இருந்தா அதுல ரெண்டு ஓட்டை போட்டாலே முகமூடி ஆச்சு, கைப்பிடி வேற இருக்கு. மூஞ்சிக்குக் கருப்பு வேணும்னா செரட்டைக் கரியப் பொடிச்சி தேங்காயெண்ணயில கொழச்சிக்குங்க, ராத்திரி எண்ணையத் தொட்டுத் தொடச்சா போயிரும். எட்டுக்கால்பூச்சி வலைக்கு நம்ம வீட்டுல இல்லாத பழைய வலையா, செவுத்துல விரிச்சிக் கட்டுங்க, ஆனா புள்ளைங்க ஒடம்புல சுத்தாதீங்க, நைலான் கால்ல மாட்டுனா அவுக்குறது பெரும்பாடு. முடிஞ்சதும் மறக்காம உருவி எடுத்து உள்ள வைங்க, காத்துல பறந்து கடல்ல விழுந்தா ஆமை கழுத்துல மாட்டும்.

வீடு வீடாப் போயி மிட்டாய் கேக்குறதுக்கு அஞ்சி வீடு போதும், முன்னாடியே பேசி அந்தந்த வீட்டுக்கு மிட்டாயும் நீங்களே குடுத்து வச்சிருங்க, யாருக்கும் செலவு வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் பூசணி வாளிக்குப் பதிலா ஆளுக்கொரு ஓலைக் கொட்டான். சில்லுக்கருப்பட்டி, கடல மிட்டாய், கமர்கட்டுன்னு போட்டா பல்லுக்கு வேலை, கீழக்கரை சொந்தக்காரங்க இருந்தா தொதல்னு ஒரு தேங்காப்பால் அல்வா கெடைக்கும், அது கெடச்ச வீட்டுக்கு முன்னாடி எங்க சின்னவ மூணு தடவ போயி நின்னா, மூணு தடவயும் வேற வேற கொரல்ல. 2024ல தீபாவளியும் அக்டோபர் 31லயே வந்துச்சு, அந்த வருசம் கொட்டான் நெறய அதிரசம், கேட்டா பேயே தீபாவளி கொண்டாடுதுன்னு சொல்லிட்டு அலையுதுங்க.

வெளையாட்டுல எங்க வீட்டுல தேஞ்சி போற அளவுக்கு ஓடுறது சட்டிக்குள்ள கை விடுறதுதான். நாலு மண்சட்டி, மேல துணி மூடி, கண்ணக் கட்டி கைய உள்ள விடச் சொல்லணும். ஆறிப்போன இடியாப்பத்துல கொஞ்சம் எண்ண விட்டா புழு, தோலுரிச்ச திராட்ச கண்ணு முழி, ஊற வச்ச ஜவ்வரிசி ஜெல்லி மீனு முட்டைன்னு அடிச்சி விடுங்க, கடைசிச் சட்டியில ஒரு கருவாட்டு வாலு, அதத் தொட்டதும் கத்துறது பெரியவங்கதான், புள்ளைங்க மோந்து பாத்தே கண்டுபிடிச்சிரும். வெளிநாட்டுல தண்ணித் தொட்டியில ஆப்பிள மெதக்க விட்டு வாயால கவ்வுவாங்க, ஒரே தண்ணியில எல்லாரும் வாய வைக்கிறது எனக்கு ஒப்பல, அதனால கயித்துல முறுக்கக் கட்டித் தொங்க விட்டு கையப் பின்னாடி கட்டிக் கவ்வச் சொல்வோம்.

அப்புறம் கடக்கரைக்கு ஒரு நடை, இதுக்கு ஈடா எந்த ஊரு ஹாலோவீனும் வராது. மணல்ல குழி தோண்டி விசுக்குன்னு ஓடுற வெள்ள நண்டு இருக்குல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல பேரே கோஸ்ட் கிராப், பேய் நண்டு, வெளுத்த கலரு, ராத்திரி நடமாட்டம்னு வச்ச பேரு. இருட்டுனதும் டார்ச்ச வச்சி மெதுவா நடந்தீங்கன்னா வெளிச்சம் பட்டதும் கண்ணு ரெண்டையும் குச்சி மாதிரி தூக்கிக்கிட்டு செல மாதிரி நிக்கும், நீங்க ஒரு மூச்சு விட்டா காணாமப் போயிரும். யாரு அதிகமா எண்ணுறாங்கன்னு போட்டி வைங்க, பிடிக்கிறது கிடையாது. இந்த மாசம் வாடை எறங்கிட்டா வடகடல்னு சொல்ற பாக் நீரிணைப் பக்கம் அலை ஏறி அடிக்கும், தென்கடல்னு சொல்ற மன்னார் வளைகுடாப் பக்கம்தான் அமைதியாக் கெடக்கும், அங்கயே கூட்டிட்டுப் போங்க, அதுலயும் தண்ணிக்குள்ள கால் வைக்கக்கூடாது. சிப்பி பொறுக்குனா உள்ள ஆளு இருக்கான்னு பாத்துட்டு எடுக்கச் சொல்லுங்க. பவளத் துண்டு கரையில செத்துக் கெடந்தாலும் எடுக்கக்கூடாது, வனத்துறை கேஸ் ஆயிரும்.

இலையுதிர் காலம்னு பாடத்துல படிச்சிட்டு நம்ம ஊருல இலையே உதிரலயேம்மான்னு பெரியவன் கேட்டான். சீமக்கருவேலத்த வச்சிக்கிட்டு நான் என்ன சொல்ல. ஆனா நாட்டு வாதாம் மரத்தடிக்குப் போனா எப்பயும் நாலு செவப்பு இலை கெடக்கும், பூவரச இலை மஞ்சளா விழும், பச்சை நெறம் செதஞ்சி போனதும் உள்ள மறஞ்சிருந்த மஞ்சள் தெரியிதுன்னு அதக் கையில வச்சே சொல்லிக் குடுக்கலாம். நமக்குக் காலம் மாறுறது மரத்துல இல்ல, காத்துல. ஓலைக் காத்தாடி செஞ்சி கருவேல முள்ளுல குத்தி மொட்டமாடியில ஒரு கம்புல கட்டி விடுங்க, தெனம் எந்தப் பக்கம் பாத்து சுத்துதுன்னு புள்ள காலண்டர்ல எழுதட்டும், கச்சான்னு சொல்ற மேக்காத்து அடங்கி வாடை திரும்புன நாள் எதுன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க, அதக் கடலுக்குப் போற தாத்தா யாருகிட்டயாச்சும் போயி சொல்லச் சொல்லுங்க, அவரு சரின்னு தலையாட்டுனா அந்தப் பெருமை ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

ராத்திரி கத சொல்றப்ப ஒண்ணு பாத்துக்குங்க. புளியமரத்து முனி, கொலுசு சத்தம், எது வேணா சொல்லுங்க, தனுஷ்கோடியப் பேய்க் கதையா மட்டும் சொல்லாதீங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல போனவங்களோட சொந்தபந்தம் இன்னும் நம்மளுக்கு நடுவுலதான் இருக்காங்க, ரயிலோட போனவங்க நூறு பேருக்கு மேல. அத நடந்தது நடந்தபடி பகல்ல சொல்லலாம். சிரிக்கிறதுக்கு வேணும்னா கலாம் ஐயா நினைவிடம் இருக்குற எடத்துப் பேரு பேய்க்கரும்புன்னு எடுத்து விடுங்க, அதுக்கு ஆயிரம் கேள்வி வரும். அஞ்சி வயசுக்குக் கீழ உள்ளதுங்களுக்கு எல்லாக் கதையிலயும் பேய் கடைசியில இட்லி கேக்கணும், இல்லன்னா ராத்திரி உங்களுக்குத் தூக்கம் கெடையாது.

இப்ப அந்தப் பனங்கொட்டை. 1ந் தேதி காலையில அத்தன தலையையும் கொல்லையில மணல குமிச்சி பாத்தி கட்டி நெருக்கமா அடுக்கிப் பொதச்சிருங்க, மேல மணலப் போட்டு மூடி மழ இல்லாத நாள்ல தண்ணி தெளிங்க. எங்க வீட்டுல இது பெரிய சாவு ஊர்வலம் மாதிரி நடக்கும், தட்டுல தாளம் போட்டுக்கிட்டு சின்னவ முன்னாடி ஒப்பாரி வச்சிக்கிட்டுப் போவா, அப்பத்தா திண்ணையில ஒக்காந்து சிரிக்காம இருக்கப் பாப்பாங்க. பெயிண்ட் வேணாம்னு சொன்னது இதுக்குத்தான், மண்ணுக்குள்ள போறது திங்கிற பொருளு. மூணு மூணரை மாசம் பொறுக்கணும், தைக் கடைசியில தோண்டலாம். போன தடவ மொதக் கொட்டைய இழுத்தப்ப சுண்ணாம்பு கரைஞ்சிருச்சு, ஒரு கண்ணு மட்டும் லேசா ஒட்டியிருந்துச்சு, கீழ முழ நீளத்துக்குக் கிழங்கு. சின்னவ ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கு ஓடியாந்தா, "அம்மா, பேய்க்கு வாலு மொளச்சிருக்கு, அவிச்சித் தா."