மெய்நிகர் டெஸ்க்டாப்பில் செயலற்ற அமர்வுகளுக்குக் கால வரம்பு அமைப்பது எப்படி?

சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைப் பயனர் தம் கணினியிலிருந்து இயக்கும் மெய்நிகர் டெஸ்க்டாப் சூழலில் கால வரம்பை அமைப்பதற்கு முன், ஓர் அமர்வு, அதாவது பயனர் உள்நுழைந்தது முதல் வெளியேறுவது வரையிலான பயன்பாடு, கடந்து செல்லும் மூன்று நிலைகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். திரை பூட்டப்பட்டிருக்கும்போது இணைப்பும் அமர்வும் அப்படியே இருக்கின்றன. மீண்டும் நுழையக் கடவுச்சொல் மட்டுமே தேவைப்படுகிறது. அமர்வு துண்டிக்கப்பட்டால் பயனரின் கணினிக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்புதான் அறுகிறது. திறந்திருந்த கோப்புகளும் ஓடிக்கொண்டிருந்த நிரல்களும் சர்வரின் நினைவகத்தில் தொடர்ந்து இருக்கின்றன. பயனர் வெளியேற்றப்பட்டாலோ நிரல்கள் அனைத்தும் மூடப்படுகின்றன. சேமிக்காத வேலை பறிபோகிறது. ஆகவே திரையை விரைவாகப் பூட்டுவதும், இணைப்பைச் சற்றுத் தாமதித்துத் துண்டிப்பதும், வெளியேற்றுவதற்கு இன்னும் நீண்ட அவகாசம் தருவதுமே முறை.

பாதுகாப்புத் தணிக்கையாளர்கள் கேட்கும் 15 நிமிடக் கணக்கைப் பெரும்பாலும் முதல் நிலையிலேயே நிறைவேற்றிவிடலாம். கட்டண அட்டைத் தரவுகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை, 15 நிமிடங்களுக்கு மேல் செயலற்றிருந்த அமர்வில் பயனர் தம் அடையாளத்தை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும் என்றுதான் கோருகிறது. அமர்வையே முடித்துவிடச் சொல்லவில்லை. விண்டோஸின் பாதுகாப்புக் கொள்கைகளில் உள்ள மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட் என்ற அமைப்பில் 900 விநாடிகள் என்று கொடுத்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 15 நிமிடங்களில் வெளியேற்றும்படி அமைத்துவிடுவது, பயனர்களின் உழைப்பை அவசியமின்றி அழிக்கும் செயல்.

துண்டிப்புக்கும் வெளியேற்றத்துக்குமான அமைப்புகள், பல கணினிகளுக்கும் பயனர்களுக்கும் விதிகளை ஓரிடத்திலிருந்து வகுக்கும் விண்டோஸ் வசதியான குரூப் பாலிசியில் உள்ளன. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் பகுதியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்று வரிசையாகத் திறந்து சென்றால் செஷன் டைம் லிமிட்ஸ் என்ற தொகுப்பு கிடைக்கும். அதில், இணைந்திருந்தும் செயலற்றுள்ள அமர்வுக்கான வரம்பை இரண்டு மணி நேரமாகவும், துண்டிக்கப்பட்ட அமர்வுக்கான வரம்பை எட்டு மணி நேரமாகவும் வைத்துத் தொடங்குவது பெரும்பாலான அலுவலகப் பணிகளுக்குப் பொருந்தும். முதல் வரம்பு நெருங்கும்போது, துண்டிப்புக்கு இரண்டு நிமிடங்களுக்கு முன் பயனருக்கு எச்சரிக்கை காட்டப்படும். விசையையோ மவுஸையோ தொட்டால் கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடும். அதே தொகுப்பில், வரம்பு எட்டியதும் அமர்வை முடிக்கும் கொள்கை ஒன்றும் உண்டு. அதை இயக்கினால் துண்டிப்பு என்ற இடைநிலையே இல்லாமல் நேராக வெளியேற்றம் நிகழும் என்பதால், தக்க காரணமின்றி அதைத் தொடக் கூடாது.

இந்த வரம்புகளை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) நேரடியாக எழுதுவோர் மதிப்பை மில்லிவிநாடிகளில் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது 72,00,000 ஆகும். விநாடிக் கணக்கில் 7,200 என்று எழுதினால் அது ஏழு விநாடிகளாகவே கொள்ளப்படும்.

ஒரே சர்வரில் வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு வரம்புகள் தேவைப்பட்டால், அவற்றை யூசர் கான்ஃபிகரேஷன் பகுதியில் அமைத்துவிட்டு, கம்ப்யூட்டர் பகுதியில் அதே கொள்கைகளை அமைக்காமல் விட வேண்டும். இரண்டிலும் மதிப்பு இருந்தால் கம்ப்யூட்டர் பகுதியில் உள்ளதே செல்லும். தனி வரம்பு யாருக்குத் தேவை என்பதைக் கண்டறிய, செயலற்ற நேரம் எப்படி அளக்கப்படுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றின் உள்ளீடுதான் அளவுகோல். நிரல் எவ்வளவு கடுமையாக உழைத்தாலும் அது கணக்கில் சேராது. பல மணி நேரம் ஓடும் கணக்கீட்டைத் தொடங்கிவிட்டுச் சென்ற ஆய்வாளரும், நீண்ட பயிற்சிக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊழியரும் அமைப்பின் கண்ணுக்குச் செயலற்றவர்களே. ஆய்வாளருக்குத் துண்டிப்பால் இழப்பில்லை, வெளியேற்றம்தான் ஆபத்து. காணொளி பார்ப்பவருக்கோ துண்டிப்பே இடைஞ்சல். அமர்வைத் தக்கவைக்க மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகளைப் பயனர்கள் நாடத் தொடங்கினால், அவற்றைத் தடை செய்வதற்கு முன் வரம்பைத்தான் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

சிட்ரிக்ஸ், ஹொரைசன் போன்ற மெய்நிகர் டெஸ்க்டாப் தளங்கள் தமக்கென்று தனி வரம்புகளை வைத்திருக்கின்றன. சிட்ரிக்ஸின் செயலற்ற அமர்வுக்கான இயல்பு வரம்பு 1,440 நிமிடங்கள். ஹொரைசனில் பயனரைக் கட்டாயமாகத் துண்டிக்கும் வரம்பு இயல்பாக 600 நிமிடங்கள். அது உள்நுழைந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதால், வேலை செய்துகொண்டிருப்பவரையும் துண்டிக்கும். விண்டோஸ் வரம்பும் தளத்தின் வரம்பும் ஒருசேர இருந்தால் எது முதலில் முடிகிறதோ அதுவே செயல்படும். எனவே ஓரிடத்தை மட்டும் முதன்மையாகக் கொண்டு, மற்றதை அதைவிட நீளமாக வைப்பது நல்லது.

வெளியேற்ற வரம்பே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் சரியல்ல. துண்டிக்கப்பட்ட அமர்வு நினைவகத்தைப் பிடித்து வைக்கிறது. பயனரின் அமைப்புகளையும் கோப்புகளையும் கொண்ட சுயவிவரத்தைத் தனி மெய்நிகர் வட்டில் வைக்கும் எஃப்எஸ்லாஜிக்ஸ் பயன்படும் இடங்களில் அந்த வட்டையும் பூட்டி வைக்கிறது. அதே பயனர் மறுநாள் வேறொரு சர்வருக்கு அனுப்பப்பட்டால், இந்தப் பூட்டினால் அவருடைய சுயவிவரம் ஏறாமல் போகக்கூடும்.

புதிய வரம்பை முதலில் ஒரு சோதனைக் குழுவுக்கு மட்டும் ஐந்து நிமிடங்களாக அமைத்து, எச்சரிக்கை வருகிறதா, அதன்பின் துண்டிப்பு நிகழ்கிறதா, மீண்டும் இணையும்போது திறந்த கோப்பு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். க்வெரி யூசர் கட்டளை ஒவ்வொரு அமர்வின் நிலையையும் செயலற்ற நேரத்தையும் காட்டும். வரம்பு நடைமுறைக்கு வந்த பிறகு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளில் ஒன்றான லோக்கல் செஷன் மேனேஜர் பதிவில் 23, 24, 25 ஆகிய நிகழ்வு எண்களைத் தொடர்ந்து கவனியுங்கள். இவை முறையே வெளியேற்றம், துண்டிப்பு, மறு இணைப்பு ஆகியவற்றைக் குறிக்கின்றன. துண்டிப்புக்குச் சில நிமிடங்களிலேயே மறு இணைப்புகள் அடிக்கடி வந்தால் செயலற்ற நேர வரம்பை நீட்டுங்கள். துண்டிக்கப்பட்ட அமர்வுகள் எவரும் திரும்பாமலேயே வெளியேற்றத்தில் முடிந்துகொண்டிருந்தால் எட்டு மணி நேரத்தை ஆறாகக் குறைத்துப் பார்க்கலாம்.