மாநிலம் மாறும்போது மனநல மாத்திரையைக் கோட்டைவிடாதீர்கள்

அமெரிக்காவில் வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறவர்கள் சாமான் ஏற்றும் லாரியை ஒரு மாதம் முன்பே பேசிவிடுகிறார்கள். மாத்திரை ஞாபகம் வருவது குப்பியில் நாலு மிஞ்சும்போதுதான். புது ஊரில் மனநல மருத்துவரின் முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது சாதாரணம். அதனால் முதலில் மாத்திரையை எண்ணுங்கள், காப்பீட்டுக் கணக்கை அதற்கு அப்புறம் போடலாம்.

நண்பர் ஒருவர் நியூஜெர்சியிலிருந்து டெக்சாஸில் உள்ள டாலஸுக்குப் போனார். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் அட்டை கூடவே வரும் என்று நம்பியிருந்தார். வராது. மத்திய அரசின் பணம் அதில் இருந்தாலும், நடத்துவது அந்தந்த மாநிலம்தான். நியூஜெர்சி, மெடிக்கெய்டைக் குறைந்த வருமானமுள்ள பெரியவர்களுக்கும் விரிவாக்கிய மாநிலம். அங்கே பொதுவாக வருமானம் குறைவு என்பதே போதும். டெக்சாஸ் அந்த விரிவாக்கத்தை ஏற்காத மாநிலம், குழந்தையோ ஊனமோ இல்லாத நடுவயதுக்காரருக்கு அங்கே மெடிக்கெய்டு கிடையாது. வீடு பார்ப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது. மெடிக்கெய்டு கிடைக்கும் மாநிலம் என்றால் போய்ச் சேர்ந்த அன்றே விண்ணப்பியுங்கள், முடிவு வர 45 நாள் வரை ஆகலாம்.

அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் திட்டம் வாங்குகிறவர்களுக்குக் குடிமாறிய பின் புதுத் திட்டம் எடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் மாறுவதற்கு முந்தைய 60 நாளில் ஒரு நாளாவது காப்பீடு இருந்திருக்க வேண்டும். பணம் மிச்சம் என்று பழையதை முன்கூட்டியே நிறுத்துகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். 3ஆம் தேதி திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அமலுக்கு வருவது பெரும்பாலும் அடுத்த மாதம் 1ஆம் தேதிதான். அதுவரை பழையதை விடாதீர்கள். வேலையை விட்டு வருகிறவர்களுக்கு, பழைய கம்பெனியின் காப்பீட்டை நம் செலவில் தொடரும் கோப்ரா என்ற வசதி இருக்கிறது. முடிவெடுக்க 60 நாள் உண்டு, பிறகு எடுத்தாலும் பழைய காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். ஆனால் பழைய மாநிலத்து எச்எம்ஓ திட்டத்துக்கு (அந்த வட்டாரத்து டாக்டர்களிடம் மட்டும் செல்லுவது) முழு பிரீமியமும் கட்டுவது வீண் செலவு என்பேன். புது ஊரில் அவசர சிகிச்சைக்கு மேல் அது பெரிதாக உதவாது.

“பழைய டாக்டரிடமே வீடியோவில் பேசிக்கொள்ளலாம்” என்பது அடுத்த தப்புக் கணக்கு. நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்களோ, பொதுவாக அங்கே அவருக்கு உரிமம் இருக்க வேண்டும். கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள், 90 நாள் மாத்திரையும் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் அது நடக்காது. கவனக்குறைவுக் கோளாறுக்கான (ஏடிஎச்டி) அட்ரால் போன்றவற்றுக்கு ரீஃபிலே, அதாவது அதே சீட்டில் மறுபடி வாங்குவதே கிடையாது, வெளிமாநிலச் சீட்டைப் பார்த்தாலே சில ஃபார்மசிகள் தயங்கும். பதற்றத்துக்குத் தரும் குளோனசெபாம், அல்பிரசோலம் வகைக்கு ஆறு மாதத்துக்குள் ஐந்து ரீஃபில்தான், அதை வேறு கடைக்கு மாற்றுவதும் பொதுவாக ஒரே முறை. அவற்றை இந்தியாவிலிருந்து கூரியரில் வரவழைப்பது சட்டவிரோதம்.

மாத்திரை சில நாள் விட்டுப்போனால் வரும் விளைவு எல்லா மருந்துக்கும் ஒன்றல்ல. மனச்சோர்வுக்கான வென்லாஃபாக்சின் ஓரிரு நாள் தவறினாலே தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருக்கலாம். குளோனசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மனச்சிதைவுக்கான குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டும். இருமுனைக் கோளாறுக்கான லித்தியத்தில் சிக்கல் வேறு மாதிரி: வெயிலில் பெட்டி தூக்கி, தண்ணீர் குடிக்காமல், இடுப்புவலிக்கு இபுப்ரோஃபென் போட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். வலிக்கு எதைப் போடலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் கையோடு எடுத்துப் போங்கள், புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

டாலஸ் நண்பர் இருமுனைக் கோளாறுக்கு லாமோட்ரிஜின் 200 மில்லிகிராம் எடுப்பவர். குப்பியைக் குளியலறைச் சாமானோடு பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றிவிட்டார். லாரி வர எட்டு நாள். வந்ததும் பெட்டியைப் பிரித்து, வழக்கம்போல ஒன்றை வாயில் போடப் போனவர், எதற்கும் கேட்போமே என்று ஃபார்மசிக்கு போன் செய்தார். “போடாதீங்க, போனை வைக்காதீங்க” என்றாராம் அங்கே போனை எடுத்த பெண். சுமார் ஐந்து நாளுக்கு மேல் விட்ட லாமோட்ரிஜினை முழு அளவில் மறுபடி தொடங்கினால், உயிருக்கே ஆபத்தான தோல் தடிப்பு வரும் அபாயம் கூடும். அன்று மாலையே, வருமானத்துக்கேற்ப கட்டணம் வாங்கும் ஒரு சமூக மருத்துவ மையத்துக்குப் போய் 25 மில்லிகிராமிலிருந்து தொடங்கினார். 200-ஐத் தொட ஆறாவது வாரம் ஆகிவிட்டது.